முந்திரியாரின் முதல் ஓட்டு

முந்திரிக்கொட்டை என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பேருந்து நிற்பதற்கு இன்னும் நாலு வளைவு இருக்கும்போதே எழுந்து, பையைத் தோளில் மாட்டி, படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்று, இறங்க வேண்டிய அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வருவாரே, அவர். நீங்கள் "எங்க வீட்டுக்கு நேத்து..." என்று ஆரம்பித்தவுடனே "திருடன் வந்துட்டானா?" என்று உங்கள் வாக்கியத்தை உங்களுக்கு முன்னால் முடித்துவைப்பாரே, அவர். வந்தது உங்கள் மாமியாராக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது என்று காதில் விழுந்தால் மருத்துவர் உதட்டைப் பிதுக்குவதற்குள் மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டு வந்து, பெரியவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டால், சந்தோஷம்தான், ஆனாலும் கொஞ்சம் ஏமாந்துபோன முகத்தோடு செம்பை எடுத்துக் கொடுப்பவர் அவரே.

பழத்துக்குள் அடக்கமாக இருக்க வேண்டிய கொட்டை, என்ன அவசரமோ, வெளியே வந்து தொங்குகிறது. யார் அதை வரச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயமே.

கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உதவி என்றாலும் முதல் ஆளாக ஓடி வருவார்கள். என்ன உதவி என்று கேட்பதற்குள் எதையாவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த இனம் எங்கும் வளரும் என்றாலும், செழித்து வளர்ந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் மலை ஏற வேண்டும். மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற உயரத்தில், ஒரே தெரு, ஒரு தங்கும் விடுதி, ஒரு மளிகைக்கடை, ஒரு ரொட்டிக்கடை, ஒரு தையல்கடை, பத்தொன்பது வாக்காளர்கள் கொண்ட ஊர் அது. அங்கே ரொட்டி சுடுகிறவர்தான் நம் ஆள். ஊரில் அவருக்கு முந்திரியார் என்று பெயர். 'யார்' சேர்த்தது மரியாதைக்காக. அவருடைய ரொட்டி எல்லார் வீட்டு வாசலுக்கும் விடியும் முன்பே வந்துவிடும். நடுவில் கொஞ்சம் வேகாமல்தான் வரும். ஆனால் வந்துவிடும். ஊரார் ஓரத்தைச் சாப்பிட்டுவிட்டு நடுப்பகுதியைத் திரும்ப அடுப்பில் காட்டிக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

அந்த ஊருக்கென்று ஒரு தேர்தல் வழக்கம் உண்டு. பட்டியலில் உள்ள அத்தனை பேரும் போட்டு முடித்துவிட்டால் சாவடியை மூடி அங்கேயே எண்ணிவிடலாம் என்று சட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் எழுதியிருக்கிறதாம். சமவெளியில் யாரும் அந்த மூலைக்குப் போனதில்லை. இவர்கள் போனார்கள். காலையில் மணி அடித்தவுடன் ஊர் மொத்தமும் ஓட்டுப் போட்டுவிடும். நாட்டில் மற்றவர்கள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இவர்களுடைய முடிவு வானொலியில் வந்துவிடும். நாட்டின் முதல் முடிவு. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஒரு நாள், அந்த ஊருக்கு ஒரு பெயர் இருப்பது நாட்டுக்கு ஞாபகம் வரும்.

ஆனால் அந்தப் பத்தொன்பது பேரில் யார் முதலில் போடுவது? ஒரு காலத்தில் இதற்காகக் கைகலப்பே நடந்ததாகச் சொல்கிறார்கள். அதனால் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். விடுதியின் சாப்பாட்டு அறையில் துணிக்கொடி கட்டி, படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு, பத்தொன்பது பேருக்கும் பத்தொன்பது மறைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, ஒரு முத்திரைக்கட்டை, தகர டப்பாவில் ஒரு மைத்தட்டு. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டோடு உள்ளே போக வேண்டும். மையைத் தொட்டு, பிடித்த சின்னத்தின் மேல் குத்தி, மடித்து, வெளியே வந்து பெட்டியில் போட வேண்டும். எல்லாரும் சமம். அப்படித்தான் பெரியவர்கள் நினைத்தார்கள், பாவம். ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு கிழித்துக் கொடுத்தோம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பந்தயத்தில் முந்திரியாரை யாரும் ஜெயித்ததில்லை. பெட்டிக்குப் பக்கத்திலுள்ள முதல் மறைப்பு அவருடையது. அதில் வேறு யாராவது கால் வைத்துவிடப் போகிறார்களே என்று முந்தின நாளே தன் தொப்பியை முக்காலியில் வைத்துவிட்டுப் போவார். மணியின் நாக்கு இந்தப் பக்கம் தட்டும்போது உள்ளே போவார், அந்தப் பக்கம் தட்டும்போது வெளியே இருப்பார். விரிப்பு ஆடி நிற்பதற்குள் அவர் ஓட்டு பெட்டிக்குள் இருக்கும். வானொலிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டுவார்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்பார்கள். அதற்கு அவர் வைத்திருக்கும் பதில் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"மனசு தெளிவா இருந்தா கை தயங்காதுங்க."

இதைச் சொல்லும்போது, கடைசியாக மறைப்பை விட்டு வெளியே வருகிற தையல்காரரை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். தையல்காரர் எதையும் இரண்டு முறை அளந்து ஒரு முறை வெட்டுகிறவர். சீட்டையும் அப்படியே இரண்டு முறை படிப்பார்.

சரி, சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், போன தேர்தலில் ஒரு காரியம் நடந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கிற மன்றத் தேர்தலில் இந்த ஊருக்கு இருக்கிற ஒரே இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மளிகைக்கடை அக்கா, குடைச் சின்னம். மற்றவர் முந்திரியாரின் மைத்துனர், தச்சர், ஏணிச் சின்னம். ஓடையின் குறுக்கே கிடக்கும் பலகைப் பாலத்துக்குக் கைப்பிடி போட வேண்டும் என்பது தச்சரின் ஒரே வாக்குறுதி. வருடத்துக்கு இரண்டு பேராவது அதிலிருந்து தண்ணீரில் விழுகிறார்கள், ஒரு முறை அவருடைய அம்மாவே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மளிகைக்கடை அக்காவோ, பாலம் பிறகு, முதலில் தெருவிளக்கு என்றார். எண்ணினார்கள். குடைக்கு ஒன்பது. ஏணிக்கு ஒன்பது. ஒரு சீட்டு வெறும் சீட்டு, முத்திரையே இல்லை. சமமாகிவிட்டதால் திருவுளச் சீட்டு போட்டு எடுத்தார்கள். குடை வந்தது. தச்சர் தோற்றார்.

அந்த வெறும் சீட்டைப் போட்டது யார்? அதிகாரி அதை மேசையில் வைப்பதற்குள் முந்திரியார் கண்டுபிடித்துவிட்டார். தையல்காரர்தான். ஓட்டுப் போடுகிறவன் அவ்வளவு நேரமா உள்ளே நிற்பான்? யாருக்கும் போட மனமில்லாமல் சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறான், நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னார். தையல்காரர் தான் ஏணிக்குத்தான் குத்தியதாக நிதானமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய நிதானம்தான் அவருக்கு எதிரி. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஊர் பாதி முடிவுக்கு வந்திருந்தது.

அதன் பிறகு ஐந்து வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒரே ரொட்டிக்கடையும் ஒரே தையல்கடையும் உள்ள ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தையல்காரர் வீட்டில் மலையடியிலிருந்து வருகிற, காய்ந்துபோன ரொட்டியைத் தின்றார்கள். முந்திரியார் தன் கால்சட்டையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். தையல் முடிவதற்குள் நூலை வெட்டிவிடுகிறவர் ஆதலால், அவர் குனியும்போது ஊரார் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் உண்மையில் இதில் செத்துப் பிழைத்தது அவர் மனைவிதான். தையல்காரரின் மனைவி அவளுக்குச் சித்தி மகள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். கொல்லைப்புறத்தில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி காயப்போட்டுக்கொண்டு பேசிய பேச்செல்லாம் அன்றோடு நின்றது. தம்பியைத் தோற்கடித்த வீட்டில் எப்படிப் போய்ப் பேசுவது? பேசாமலும் எப்படி இருப்பது? துணியை மட்டும் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து, அடுப்படியில் சும்மா நிற்பாள். அவளுக்கு அந்த நேரம் போகவே போகாது.

இந்த வருடம் மறுபடியும் தேர்தல் வந்தது. மறுபடியும் குடை, மறுபடியும் ஏணி. இடையில் ஊரில் யாரும் சாகவில்லை, யாருக்கும் புதிதாக ஓட்டு வரவில்லை, மனம் மாறுகிற வழக்கமும் அந்த ஊரில் இல்லை. ஆகவே ஒரே ஒரு ஓட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தச்சர் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தத் தடவையும் வெறும் சீட்டு வந்தால் சித்தி மகள் என்ற உறவே வேண்டாம் என்று முந்திரியார் மனைவி சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அழுதாள்.

முந்திரியாருக்கு மட்டும் கவலை வேறு. தன் ஓட்டு முதலில் விழுகிறது, சரி. ஆனால் எண்ணும்போது பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்களே? முதல் ஓட்டு நடுவிலோ கடைசியிலோ எங்கோ அனாதையாகக் கிடக்கிறதே? இது என்ன நியாயம்? ஆகவே மைத்துனரைப் பிடித்து ஒரு புதுப் பெட்டி செய்யச் சொன்னார். மடித்த சீட்டு மட்டும் படுக்கிற அகலம், நெட்டையான உயரம், அடியில் ஒரு சின்னக் கதவு. மேலே முதலில் போட்டது கீழே முதலில் வரும். தச்சர் தன் கவலையோடு கவலையாக அதையும் இழைத்துக் கொடுத்தார்.

அதிகாரியாக வந்த பெண் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்படி வரிசையாக எடுத்தால் யார் ஓட்டு எது என்று தெரிந்துவிடுமே, கூடாது என்று சொல்லிவிட்டாள். முந்திரியார் விடுவாரா?

"மத்ததெல்லாம் வாளியில கொட்டிக் கலக்கிக்குங்க மேடம். மொதல் சீட்டை மட்டும் மொதல்ல எடுங்க. அது என்னோடது. எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவரவர் ரகசியம் அவரவர் விருப்பம் என்று அவள் ஒருவழியாக ஒத்துக்கொண்டாள். வழக்கமாக வானொலிதான் வரும். இந்த முறை தொலைக்காட்சிக்காரர்களையும் முந்திரியார் சொல்லி வரவழைத்திருந்தார்.

மணி அடித்தது. முந்திரியார் போனார், வந்தார், போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தையல்காரர் கடைசியாக, சீட்டின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே வந்து போட்டார். அதிகாரி பெட்டியின் அடிக்கதவைத் திறந்தாள். முதல் சீட்டை எடுத்தாள். காமிரா கிட்டே வந்தது. முந்திரியார் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அவள் சீட்டைப் பிரித்து, பார்த்து, திருப்பிப் பார்த்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

வெறும் சீட்டு.

அந்த அறையில் ஊர்க்காரர்கள் பத்தொன்பது பேர் இருந்தார்கள், பதினெட்டுப் பேருக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒருவருக்கு மட்டும் நிற்கவில்லை. பழக்கம்தானே.

"பாத்தீங்களா! தையல்காரரோடது!"

கை நீட்டி, காமிராவுக்கு நேராக, முதல் ஆளாகச் சொன்னார். ஐந்து வருடமாகத் தான் சொன்னது மெய்யாகிவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. தச்சர்தான், மெதுவாக, அவருக்கே வலிக்கிற குரலில் சொன்னார்.

"அத்தான், அது மொதல் சீட்டு."

நீட்டிய கை அப்படியே நின்றது. மடக்கவும் தெரியவில்லை. தான் குத்தினேன், ஏணிக்கு நேராக அழுத்திக் குத்தினேன் என்று அவர் சத்தியம் செய்தார். அது பொய்யும் இல்லை. அதிகாரி சீட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஏணிச் சின்னத்தின் மேல் வட்டமாக ஒரு பள்ளம், காகிதமே கிழிந்துவிடும்போல, நல்ல அழுத்தத்தோடு பதிந்திருந்தது. பள்ளம்தான் இருந்தது, மை இல்லை. அவர் மனைவி முதல் மறைப்புக்குள் போனாள். மைத்தட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதம் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

"மை தொட்டீங்களா?"

"முத்திரை குத்தினேன்."

"அத நான் கேக்கல."

அப்போதுதான் விடுதிக்காரர் தயங்கித் தயங்கித் தொண்டையைக் கனைத்தார். போன தேர்தல் முடிந்து அறையைக் கூட்டும்போதும் இந்த முதல் மறைப்பில் ஒரு மைத்தட்டு திறக்காமலே கிடந்ததாம். வீணாகப் போகிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டாராம். ஐந்து வருடமாக விடுதியின் படுக்கை விரிப்புகளுக்கெல்லாம் அந்த மையில்தான் முத்திரை போடுகிறாராம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுற்றிலும் தொங்கிய விரிப்புகள் ஒவ்வொன்றின் மூலையிலும் விடுதியின் பெயர் நீல நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

மீதிச் சீட்டுகளை வாளியில் கொட்டிக் கலக்கி எண்ணினார்கள். குடைக்கு ஒன்பது, ஏணிக்கு ஒன்பது. ஐந்து வருடம் வீண்பழி சுமந்த பிறகும் தையல்காரர் ஏணிக்குத்தான் போட்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். திருவுளச் சீட்டில் மறுபடியும் குடையே வந்தது. தச்சர் தன் அத்தானைத் திட்டவில்லை. ஒரு சுத்தியலையும் இரண்டு ஆணியையும் வாங்கி, பெட்டியின் அடிக்கதவை நன்றாக அறைந்து மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே மளிகைக்கடை அக்கா போய், விளக்கு எங்கேயும் ஓடிவிடாது, இந்தத் தடவை பாலத்தைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன், மரவேலைக்கு நீதான் வர வேண்டும் தம்பி என்று சொன்னதாகக் கேள்வி.

முந்திரியார் மனைவி அறையைக் குறுக்கே கடந்து தன் சித்தி மகளிடம் போனாள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் அழுதார்கள், அழுகைக்கு நடுவில் யாருடைய மருமகளைப் பற்றியோ வம்பும் பேசினார்கள். அவர்களைப் பார்த்து ஊராரும் ஒவ்வொருவராகத் தையல்காரரிடம் போய்க் கையைப் பிடித்தார்கள். வரிசை நீண்டது. முந்திரியாரும் வரிசைக்கு வந்தார். வந்து, பின்னால் வந்தவரைப் பார்த்து, பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நீங்க முன்னாடி போங்க."

அப்படி எல்லாரையும் முன்னே விட்டுவிட்டு, அந்த ஊரில் முதல்முறையாகக் கடைசி ஆளாக வந்து தையல்காரர் முன்னால் நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து வருடத்தை எந்த வார்த்தையில் தொடங்குவது?

"அண்ணே, நான் வந்து..."

"மன்னிப்புக் கேக்கறீங்க. சரி, கேட்டாச்சு" என்றார் தையல்காரர். வாழ்க்கையில் அவர் அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைத்தது அந்த ஒரு தடவைதான். "மொதல்ல கடைக்கு வந்து அந்தக் கால்சட்டையக் கழட்டிக் குடுங்க. பாக்க முடியல."

இதோடு முந்திரியார் திருந்திவிட்டார் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களா? ஒரு மாதம் திருந்தியிருந்தார். ரொட்டி நன்றாக வெந்து, நேரம் கழித்து வந்தது. ஊருக்கு அது பழக்கமில்லாமல் வயிற்றைப் பிடித்தது. இப்போது விடுதிக்குப் புது ஆட்கள் வந்து இறங்கினால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பக்கத்தில் போய் நின்று, நாட்டிலேயே இந்தத் தேர்தலில் எண்ணப்பட்ட முதல் செல்லாத ஓட்டு யாருடையது தெரியுமா என்று கேட்கிறார். அவர்கள் தெரியாது என்று சொல்வதற்குக்கூட இடம் கொடுப்பதில்லை. தையல்காரரும் கூட நின்று, நல்ல துணியில் தைத்த கால்சட்டையோடு அவர் பீற்றிக்கொள்வதைப் பொறுமையாகக் கேட்கிறார்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. படிக்கத் தொடங்கிய இரண்டாவது வரியிலேயே, 'அட, இது நம்ம மேல் வீட்டுக்காரர்தான்' என்று ஒருவரைப் பிடித்து முத்திரை குத்திவிட்டீர்கள், இல்லையா? மையைத் தொட்டுக்கொண்டுதான் குத்தினீர்களா? போகட்டும். இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. முடிவு என்னவென்று பார்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் தாண்டி நேராக இந்தப் பத்திக்கு வந்து நிற்கிறவர்கள். வாருங்கள், வணக்கம். நீங்கள்தான் முதலில் வந்திருக்கிறீர்கள். மேலே ஒரு கதை இருக்கிறது.